பாராடாங் பயணம், பேச்சு மட்டும்

லம்பா லைனில் குடியிருக்கும் ராஜகுமாரிக்குத் தன் புருஷன் அழகேசன் மேல் ஒரு கோபம் உண்டு. ஆள் போய் மூன்று வருஷமாகியும் அது ஆறவில்லை. வீட்டில் நடந்த நல்லது பொல்லாதது எல்லாவற்றையும் மனிதர் வீடியோ எடுத்து வைத்திருந்தார். ஒன்றிலாவது தன் முகத்தைக் காட்டவில்லை. கேமராவை அடுத்தவன் கையில் கொடுத்தால் கெட்டுப்போகுமாம். அவர் இறந்த மாதம் ராஜகுமாரி அத்தனை வீடியோவையும் தேடினாள். முகத்தைத்தானே தேடினாள், சத்தத்தை அணைத்துவிட்டு ஓட்டி ஓட்டிப் பார்த்தாள். ஓரிடத்தில் நிழல், இரண்டு இடத்தில் கட்டைவிரல். அழுகையும் ஆத்திரமுமாக மூடி வைத்தவள் அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது திறக்க வைத்தவள் அக்கா ஒச்சம்மா. கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். சர்க்கரை வியாதி அவள் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது.

“எம் மக காவேரி கல்யாணத்துக்கு மறுநா படகுல பாராடாங் தீவுக்குப் போனோமே, அத அனுப்புடி” என்று போனில் கேட்டாள். “படம் எனக்கு எதுக்கு? சத்தம் போதும். எல்லாரும் போட்ட கும்மாளம் காதுல விழட்டும்.”

கச்சாலுக்கு அவ்வளவு பெரிய வீடியோ போவதாவது. அங்கே சிக்னல் எட்டிப் பார்ப்பதே பெரிய விஷயம். பென் டிரைவில் போட்டு அனுப்பலாமென்றால் கடல் சரியில்லை, கப்பல் கேன்சல். ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தவள் இதற்கெல்லாம் அசருவாளா? போனில் ஒரு ஆப்பை இறக்கினாள். வீடியோவைக் கொடுத்தால் படத்தை உதறிவிட்டு ஒலியை மட்டும் தரும். பாட்டா, பேச்சா என்று கேட்டது. பேச்சென்றால் ஃபைல் பொடிசாகிவிடும். பேச்சு என்றாள். இரைச்சலை நீக்கவா என்றது. படகு இன்ஜின் போடும் சத்தத்தில் அக்காவுக்கு ஒன்றும் புரியாதே என்று அதற்கும் சரி போட்டாள். கேட்டுப் பார்க்க மனசு வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் ஒச்சம்மா கூப்பிட்டாள்.

“என்னடி அனுப்பிருக்க? காவேரியும் இல்ல, நானும் இல்ல. முழுக்க உன் வீட்டுக்காரரு மட்டுந்தான் பேசுறாரு.”

ராஜகுமாரி போனை வைத்துவிட்டு ஃபைலைத் திறந்தாள். கேமராவை ஒட்டியிருந்த குரலை மட்டும் பேச்சென்று வைத்துக்கொண்டு, தள்ளி நின்ற அத்தனை பேரையும் இன்ஜினோடு சேர்த்துத் துடைத்திருந்தது அந்த ஆப்.

“ஏ காவேரி, மாப்பிள்ளைய ஒட்டி நில்லு. பாய் சாப், தோடா ஹட்டியே.” வழியை மறைத்த யாரையோ இந்தியில் தள்ளி நிற்கச் சொல்கிறார். கொஞ்சம் மௌனம். “அக்கா சிரிச்சா சிரிக்கட்டும் விடு, படகு ஒண்ணும் கவுந்துறாது.” மறுபடி மௌனம். “ராஜி, முந்தானைய இழுத்துச் சொருகு, காத்துல பறக்குது.”

ராஜி என்று கூப்பிட இப்போது வீட்டில் ஆளில்லை. ராஜகுமாரி வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

இன்னும் கொஞ்சம் ஓடியது. நீளமாக ஒரு மௌனம். அதற்குப் பிறகு, “நானா? எனக்கென்ன அவசரம். நான் எங்க போயிரப் போறேன்” என்றார் அழகேசன்.

அந்த மௌனத்தில் இருந்தது அவள் குரல்தான். என்ன கேட்டாள் என்பது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது. பாராடாங் கரை தெரிய ஆரம்பித்திருந்தது, அவள் அலுத்துப்போய்க் கேட்டாள்.

முகம் கழுவிவிட்டு வந்து, அக்காவுக்காக அதே வீடியோவை மறுபடி ஒலியாக மாற்றினாள். இந்தத் தடவை எதையும் நீக்கவில்லை. இன்ஜின், காற்று, சிரிப்பு எல்லாம் இருக்கட்டும் என்று அனுப்பினாள். அது பாதி ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

கெட்டுப்போன ஃபைலை அழிக்கவில்லை. அதை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த நீள மௌனம் வந்தது.

“ஏங்க, கேமராவ யார்ட்டயாவது குடுத்துட்டு நீங்களும் வந்து நில்லுங்க” என்றாள்.

அழகேசன் சரியான நேரத்தில் பதில் சொன்னார்.