புட்டு முழுகாமல் இருக்கிறாள்

டாக்டர் ஷிரீன் முயலின் வயிற்றை இரண்டு விரலால் மெல்லத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "கங்கிராட்ஸ் ஆன்டி. புட்டு முழுகாம இருக்கு லா," என்றார்.

அமுதவள்ளிக்குச் சிரிப்பு வரவில்லை. புட்டு சரியாகச் சாப்பிடவில்லையே, வயிறு வேறு கல்லாக இருக்கிறதே, கட்டியாக இருக்குமோ என்று பயந்துபோய் வந்தவள் அவள். மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் சேலைக்கடை வேலை. முதலாளியிடம் அரை நாள் லீவு கெஞ்சி வாங்கி, கூண்டைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி வந்திருந்தாள். கட்டி என்று சொல்லியிருந்தால் அங்கேயே அழுதிருப்பாள். குட்டி என்றதும் என்ன செய்வதென்று புரியவில்லை.

"எப்படி டாக்டர்? இது ஒத்தையா வளருது. எங்க பிளாட்டுல வேற யாரு வீட்டுலயும் முயல் இல்ல."

"முயலுக்கு ஒரு மாசம்தான் ஆன்டி கணக்கு. இது கடைசி வாரம் மாதிரி இருக்கு. போன மாசம் எங்க இருந்திச்சுன்னு யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. போன மாதம் காப்பாரில் இருக்கும் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அமுதவள்ளி அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் இருந்தது இரண்டே பேர்: புட்டு, அமுதவள்ளியின் புருஷன் குகன். புட்டு தானாகப் படியிறங்கிப் போய் மாப்பிள்ளை தேடியிருக்க முடியாது.

ஒரு அட்டைப்பெட்டியில் காய்ந்த புல்லைப் பரப்பிக் கூண்டுக்குள் வைக்கச் சொன்னார் டாக்டர். புல்லும் தண்ணீரும் எந்நேரமும் இருக்க வேண்டும். சத்தம் கூடாது. நேரம் நெருங்கினால் தன் ரோமத்தைத் தானே பிய்த்து மெத்தை போடும், அதைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அமுதவள்ளி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மனசு மட்டும் குகனைச் சுற்றிக்கொண்டிருந்தது.

குகன் துறைமுகத்தில் கொண்டேனர் லோரி ஓட்டுகிறவன். சாயங்காலம் வந்து குளித்துவிட்டுச் சோற்றில் கை வைக்கும்வரை பொறுத்திருந்து, "புட்டு முழுகாம இருக்காம்," என்றாள்.

"அப்படியா," என்றான். அடுத்த வாய்ச் சோற்றை உருட்டினான். "பாவம், நல்லா பாத்துக்க."

அவ்வளவுதான். எப்படி என்று கேட்கவில்லை. தனியாக வளரும் முயல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது என்றால் தெருவில் போகிறவன்கூட எப்படி என்று கேட்பான். கேட்காதவனுக்குப் பதில் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம். அமுதவள்ளி அன்றைக்கு அந்த முடிச்சை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் குகனின் மைவி காரின் பின்கதவைத் திறந்து பார்த்தாள். சீட்டுக்கடியில் காய்ந்த புல். புல்லோடு நாலைந்து புழுக்கை.

"புல்லு வாங்கிட்டு வரப்போ கொட்டியிருக்கும்," என்றான் குகன்.

"புழுக்கையும் கடையில வாங்கினதா?"

அவன் டிவி சத்தத்தைக் கூட்டினான். அமுதவள்ளி போய் டாக்டர் சத்தம் கூடாது என்றதைச் சொல்லி டிவியை அணைத்தாள்.

சந்தேகம் வந்துவிட்டால் அதற்கு ஒரு முகம் வேண்டுமே. அமுதவள்ளி ஒரு பெண்ணை மனசுக்குள் உருவாக்கினாள். தனியாக இருப்பவள். ஆண் முயல் வளர்ப்பவள். நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு, குகன் கூண்டும் கையுமாக வருவதைக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்துச் சிரிப்பவள். கடையில் சேலை மடிக்கும்போது அவள் வந்தாள், பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தாள். போகப் போக அவளுடைய சமையல்கூட அமுதவள்ளிக்குத் தெரிந்துபோனது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லாத வீடு. புருஷனும் இல்லையென்று ஆகிவிட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று நினைத்து, கடையின் ஸ்டோர் ரூமில் நின்று அழுதாள்.

செவ்வாய்க்கிழமை விளக்கேற்றியதும் சாமி தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள்.

"சூடம் அணைங்க. அப்ப நம்புறேன்."

சும்மா சொல்லவில்லை அவள். லோரி டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் சாவியைத் திருப்பாதவன் குகன். பெண்டாட்டியிடம் பொய் சொல்வான், முதலாளியிடம் சொல்வான், போலீசிடமும் சொல்வான். எரிகிற சூடத்துக்கு முன்னால் சொல்லமாட்டான்.

குகன் எழுந்து வந்தான். "நீ இல்லாதப்போ கூண்ட நான் திறந்து விடவே இல்ல. முருகன் மேல சத்தியம்," என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அணைத்தான்.

அமுதவள்ளிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு அவனுக்கு நெய் விட்டுத் தோசை சுட்டாள். ஆனாலும் புட்டுவின் வயிறு பொய் சொல்லாதே. மறுநாள் டாக்டருக்கு ஒரு மெசேஜ் போட்டாள்: கூண்டைத் திறக்காமலே சினை பிடிக்குமா?

மத்தியானம் டாக்டரின் பதில் குரல் பதிவாக வந்தது. "திறக்கவே வேணாம் ஆன்டி. கம்பி கொஞ்சம் அகலமா இருந்தா போதும், கம்பி வழியாவே முடிஞ்சிடும். ஆண் முயல் வெளிய நின்னாகூட சரிதான். எங்க கிளினிக்குல நிறைய பேரு இப்படித்தான் வந்து முழிப்பாங்க."

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க உடம்பு எரிந்தது. அவன் பொய் சத்தியம் செய்யவில்லை. அளந்து சத்தியம் செய்திருக்கிறான். அது பொய்யைவிட மோசம் என்று அவளுக்குத் தோன்றியது. சரியாகத்தான் தோன்றியது.

அன்று சாயங்காலம் குகன் செருப்பைக் கழற்றும்போதே சூடம் எரிந்துகொண்டிருந்தது.

"புட்டு இந்த வீட்ட விட்டு வெளிய போகலன்னு சொல்லி அணைங்க."

குகன் கையை நீட்டினான். பாதியில் நிறுத்தினான். திரும்பவும் நீட்டினான். சூடம் பாட்டுக்கு எரிந்து தானாகவே அடங்கியது.

"யாரு வீடு?" என்றாள்.

"அக்கா வீடு."

எந்தப் பெண்ணின் பெயருக்கும் தயாராக இருந்தாள், இதற்கு மட்டும் இல்லை. குகனின் அக்கா இராஜம்மா, கம்போங் மேடானில் இருப்பவள். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் மகனுக்குத் தொட்டில் போட்ட அன்று, குழந்தையை வாங்கித் தொட்டிலில் போட அமுதவள்ளி ஆசையாகக் கை நீட்டினாள். "நீ இரு. புள்ள பெத்தவங்க யாராச்சும் போடட்டும்," என்று இராஜம்மா சபை நடுவில் சொல்லிவிட்டாள். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாளே, அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. அந்த வாசலை நீங்களும் மிதிக்கக் கூடாது என்று அன்றே குகனிடம் சொன்னாள். அவனும் சரி என்றான்.

"நீ காப்பாருக்குப் போனதும் அங்கதான் தங்கினேன். புட்டுவ இங்க தனியா விட மனசு வரல. அக்கா மகன்கிட்டயும் ஒரு முயல் இருக்கு. ரெண்டும் பொண்ணுன்னு சொல்லித்தான் கடைக்காரன் கொடுத்தான்."

"ரெண்டுமா?"

குகன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒரே நாள்லதான் வாங்கினேன் அமுதா. ஒன்னு உனக்கு, ஒன்னு அவனுக்கு."

"இந்த ஒரு தடவதான் போனீங்களா?"

"வெள்ளிக்கிழம... வேல முடிஞ்சு வரப்போ."

வெள்ளிக்கிழமைகளில் அவனுக்கு கேஸ்ட்ரிக். சோறு இறங்காது என்பான். பாவம் என்று அமுதவள்ளி கஞ்சி காய்ச்சி, துவையல் அரைத்து வைப்பாள். அக்கா வீட்டில் மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்து அந்தக் கஞ்சியையும் வாய் பேசாமல் குடித்திருக்கிறான், ஆறு வருஷமாக. வேறு பெண் இல்லை என்ற நிம்மதியும், இப்படி ஏமாந்தோமே என்ற அவமானமும் அவளுக்குச் சேர்ந்தே வந்தன. அவனை அறையலாம் போலிருந்தது.

"எனக்கு ரெண்டு பேரும் வேணும் அமுதா. உன்கிட்ட சொல்லப் பயம்," என்றான் குகன்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கூண்டுப் பக்கம் பரபரவென்று சத்தம் கேட்டது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். பெட்டி முழுக்க வெள்ளை ரோமம். அதற்கடியில் ஏதோ நெளிந்தது. புட்டு மூலையில் நின்று காலை நக்கிக்கொண்டிருந்தாள். பெட்டிக்கு வெளியே, கம்பித் தரையில், விரல் நீளத்துக்கு ஒரு குட்டி. முடி இல்லை, கண் திறக்கவில்லை. அசையவும் இல்லை.

அமுதவள்ளி கூண்டுக்குள் கையை விட்டாள்.

"தொடாத. மனுஷன் கை பட்டா தாய் சேர்க்காது."

"அதெல்லாம் சும்மா. சேர்க்கும்," என்றாள், அவனைத் திரும்பிப் பார்க்காமல்.

குட்டி சில்லிட்டிருந்தது. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் பொத்தி, வாயால் ஊதி ஊதிச் சூடேற்றினாள். குகன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். வெகுநேரம் கழித்து அவள் கைக்குள் ஏதோ துடித்தது. ரோமத்தை விலக்கி, மற்ற குட்டிகளுக்கு நடுவில் அதைப் படுக்க வைத்து மூடினாள்.

கையைக்கூடத் துடைக்காமல், "அக்காவுக்குப் போன் போடுங்க," என்றாள்.

குகன் தயங்கித் தயங்கிப் போனை எடுத்தான். அவள் எட்டிப் பார்த்தாள். திரையில் அக்காவின் பெயருக்குப் பதில் 'டயர் கடை' என்று இருந்தது. அதையும் பார்த்துக்கொண்டாள். அதற்கு வேறொரு நாள் இருக்கிறது.

மணி அடித்து, "சொல்லு தம்பி," என்று குரல் வந்ததும் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் அமுதவள்ளி பேசுறேன் அண்ணி. உங்க வீட்டு முயலுக்கு எங்க வீட்டுல குட்டி பொறந்திருக்கு. ஒன்னு வெளிய விழுந்து கெடந்திச்சு. நான்தான் என் கையால எடுத்துப் பெட்டில போட்டேன். உயிரோட இருக்கு."

அந்தப் பக்கம் இராஜம்மா மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அமுதவள்ளி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.