ஏறவா, நடவா?

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை. தான்சானியாவின் உசம்பாரா மலையில், க்வெம்போஜா கிராம மருந்தகத்தின் நடைக்குழுப் பட்டியலில் இருபத்தொரு பெயர்கள் இருந்தன. எதிரே இரண்டே கையெழுத்துகள்.

இரண்டில் ஒன்று நர்ஸ் தௌசியுடையது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உள்ளவர்களை வாரம் ஒருமுறை நடக்க வைப்பது அவள் யோசனை. வாடகை மோட்டார் சைக்கிள்கள் வந்த பிறகு க்வெம்போஜாவில் சந்தைக்குக்கூட யாரும் நடப்பதில்லை. மாவட்ட மருத்துவர் பட்டியலைப் புரட்டினார்.

"வர்ற சனிக்கிழமை எட்டுப் பேராவது வரணும் தௌசி. இல்லேன்னா குழுவை மூடிடலாம். மாத்திரை குடுக்கிறதோட நிறுத்திக்கோ."

சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பள்ளி மைதானத்தைச் சுற்றி வரச் சொன்னால் ஒருவரும் வர மாட்டார்கள் என்பது மூன்று வாரத்தில் தெளிவாகிவிட்டது. அருவிக்குக் கூப்பிட்டால்? தௌசி அன்று மதியமே போய்ப் பாதையை நடந்து பார்த்தாள். காட்டு வாசலிலிருந்து அருவிக்கு நாற்பது நிமிடம், மூட்டுவலிக்காரர்களுக்கு ஒரு மணி நேரம். வழி முழுக்க நிழல். செங்குத்தாக ஏறுவது ஒரே இடத்தில்தான், அங்கேயும் மூங்கில் கைப்பிடி உண்டு. உட்கார்ந்து மூச்சு வாங்க வசதியாக இரண்டு மரங்கள் விழுந்து கிடந்தன.

திரும்பும் வழியில் ஸைதூனியின் டீக்கடையில் பேச்சை எடுத்தாள். பட்டியலில் ஏழாவது பெயர் ஸைதூனி. எண்ணெயில் மந்தாஸி என்னும் இனிப்பு அப்பத்தைப் புரட்டிக்கொண்டே நிமிராமல் கேட்டாள்.

"அருவிக்கா? அங்க யாரு செத்துட்டாங்க?"

"யாரும் சாகலைக்கா. சும்மா போய்ப் பாத்துட்டு வரலாம்."

"பாத்துட்டு?"

"திரும்பி வந்துடலாம்."

"அப்ப போகாமலே இருந்தா இன்னும் சீக்கிரமா திரும்பிடலாமேடி."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர் பட்டியலின் முதல் பெயர், லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஷெமெலா. "முப்பது வருஷம் வண்டி ஓட்டினவன் நான், நர்ஸம்மா. என் காலுக்கு பிரேக் மிதிக்க மட்டும்தான் தெரியும்" என்றார்.

தௌசி விடவில்லை. புதன்கிழமை காலை மற்ற இருபது பேருக்கும் செல்பேசியில் செய்தி அனுப்பினாள். சனிக்கிழமை காலை எட்டு மணி, மருந்தகத்தின் முன்னால், க்வெம்போஜா காட்டில் குப்பாண்டா, மெதுவாகத்தான், தொப்பியும் தண்ணீரும் கொண்டுவரவும். மலை ஏறுவதற்கு அவள் போட்ட சுவாஹிலிச் சொல் குப்பாண்டா.

வியாழன் மாலைக்குள் பதினேழு பேர் வருவதாகப் பதில் போட்டிருந்தார்கள். ஸைதூனி இரண்டு முறை போட்டிருந்தாள். தௌசிக்குத் தரையில் கால் பாவவில்லை. மருத்துவருக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மாத்திரை வாங்க வந்த ஷெமெலா, பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நின்றார்.

"நர்ஸம்மா, குழி ஒரு முழம் போதுமா, ஒன்றரை வேணுமா?"

"என்ன குழி, பெரியவரே?"

"கன்னு வெக்கிற குழிதான். வேலைன்னு மொதல்லயே சொல்லியிருந்தா செவ்வாய்க்கிழமையே வரேன்னு சொல்லியிருப்போமே. அருவி, வேடிக்கைன்னு எதுக்கு சுத்தி வளைச்சே?"

தௌசி செல்பேசியை எடுத்துத் தன் செய்தியைத் தானே படித்தாள். சுவாஹிலியில் மலை ஏறுவதும் குப்பாண்டாதான், கன்று நடுவதும் குப்பாண்டாதான். தமிழில் 'நட' என்று மட்டும் எழுதினால் காலுக்கா கன்றுக்கா என்று கேட்க வேண்டியிருக்கிறதே, அப்படி. மார்ச் மாதம், மழை இறங்கப்போகும் வாரத்தில் அந்தச் சொல் யார் காதிலும் ஒரே பொருளில்தான் விழும்.

திருத்தி அனுப்பினால் பதினேழு மறுபடி இரண்டாகிவிடும். அனுப்பாவிட்டால் காட்டு வாசலில் மண்வெட்டிகளைத் தடுக்கக் காவலர் காவோனேகா நிற்பார். அவள் நேரே அவரிடமே போனாள்.

"மண்வெட்டியா? காட்டுக்குள்ளயா?" காவோனேகா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பழம் நறுக்குற கத்தியையே வாங்கி வெச்சவன் நான்."

"ஏதாவது ஒரு ஓரத்துல நட விடுங்கண்ணே. நாப்பது கன்னு, அவ்வளவுதான்."

அவர் தாடையைச் சொறிந்தார். "ரெண்டாவது வளைவுல போன மழைக்கு மண் சரிஞ்சு கெடக்கு. அங்க அத்தி வெச்சாத்தான் நிக்கும். கன்னு நர்சரியில இருக்கு, ஆள்தான் இல்லாம தவிக்கிறேன். எங்க ஆபீசர்கிட்ட கேட்டுச் சொல்றேன். ஆனா நாலு மண்வெட்டிதான். எண்ணி விடுவேன், எண்ணி வாங்குவேன்."

"வாசல்லேருந்து அந்த வளைவு எவ்வளவு தூரம்ணே?"

"அரை மணி நேரம். அங்கேருந்து அருவி பத்து நிமிஷம்."

ஐந்து மணிக்கு அவரிடமிருந்து அனுமதி வந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்குப் பதினேழு பேரும் வந்துவிட்டார்கள். எல்லார் தோளிலும் மண்வெட்டி. தௌசி மருந்தகத்தின் படியில் ஏறி நின்றாள்.

"நான் எழுதினது ஏறுறதுக்கு. நீங்க படிச்சது நடுறதுக்கு."

தோளிலிருந்த மண்வெட்டிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. பிறகு ஸைதூனி இடுப்பில் கை வைத்தாள்.

"அப்ப எங்களை ஏமாத்தி நடக்க வெக்கப் பாத்தே?"

"ஏமாத்தலைக்கா, என் எழுத்து என்னையே கவுத்துடுச்சு. நேத்துதான் எனக்கே தெரியும். இப்போ நட எடம் இருக்கு, கன்னு இருக்கு, ஆனா போற வழி அதே அருவி வழிதான். மண்வெட்டியும் நாலுதான் உள்ள விடுவாங்க. இஷ்டமில்லாதவங்க வீட்டுக்குப் போகலாம், நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தயாராக நின்றாள். முதலில் ஷெமெலாதான் வாயைத் திறந்தார்.

"மண்வெட்டியைத் தூக்கிட்டுப் போனவன் மண்ணே ஒட்டாம திரும்பினா, வீட்டுக்காரி எங்க போயிருந்தேன்னு கேப்பா. அவளுக்கு யாரு பதில் சொல்றது? நீ வரியா, நர்ஸம்மா?"

சிரிப்பு எழுந்தது. ஸைதூனி காலடியில் இருந்த வாளியின் மூடியைத் தட்டினாள். "அறுபது மந்தாஸி சுட்டாச்சு. இதை நான் வீட்டுக்குத் திருப்பித் தூக்கிட்டுப் போக முடியாது. முறைக்காதேடி தௌசி, சர்க்கரை பாதிதான் போட்டேன்."

வாசலில் பதின்மூன்று மண்வெட்டிகள் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டன. பதினொரு மணிக்குள் நாற்பது அத்திக் கன்றுகளும் நட்டு முடிந்தன. பதினான்கு பேர் அருவிவரை போனார்கள். மூன்று பேர் கன்றுக்குக் காவல் என்று சொல்லி வளைவிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். காவோனேகா நான்கு மண்வெட்டிகளையும் எண்ணி வாங்கினார்.

திங்கட்கிழமை தௌசி பதிவேட்டில் எழுதினாள்: வந்தவர்கள் பதினேழு, நோக்கம் குப்பாண்டா. குழு தொடரலாம் என்று புதன்கிழமை கடிதம் வந்தது.