அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கப் பனி

"இந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தபோது எனக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. வேறு பலன் எதுவும் தெரியவில்லை. போகட்டும்."

இப்படி எழுதியவர் ஒரு பல் டாக்டர். பல்லைப் பிடுங்குகிறவருக்குச் சரித்திரக் காதல் நாவலில் என்ன வேலை என்று கேட்கிறேன். ஆறு வருடம் உயிரைக் கொடுத்து நான் எழுதிய நாவல் அது. கதாநாயகனும் கதாநாயகியும் உறைந்த ஆற்றின்மேல் நின்று நாலு பக்கம் பேசுகிறார்கள். அந்தக் குளிரில் அவ்வளவு நேரம் வாயைத் திறந்தால் பல் கூசியே செத்துப்போவார்கள் என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. மனுஷன் காதலைப் படிக்கவே இல்லை, வாயைத்தான் பார்த்திருக்கிறார்.

முதலிலிருந்து சொல்கிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது. நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஊரில் எந்த ஃபிரிட்ஜ் எந்த வருடம் வாங்கியது, எது இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். பனி பெய்து நான் பார்த்ததில்லை. ஆனால் குளிரைப் பற்றி என்னிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஐஸ்கிரீம் தொழிற்சாலையின் குளிர் அறையைப் பராமரிப்பது நான்தான். தினமும் மதியம் ஒரு மணி முதல் மூன்று மணி வரை, அந்த அறைக்குள்ளேயே ஒரு முக்காலியைப் போட்டு, கம்பளிக் கையுறையோடு உட்கார்ந்து, ஒரு வரிகூடக் கற்பனையாக இருக்கக்கூடாது என்று அனுபவித்து எழுதினேன். கொண்டுபோன டப்பாச் சாப்பாடு பக்கத்திலேயே கல்லாகிக் கிடக்கும். அதையும் தின்றேன். கலைக்காக.

கதை இதுதான். முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சக்கரவர்த்தி, உறைந்த காடு ஒன்றுக்கு வரைபடம் போட்டு வரும்படி ஓர் இளைஞனை அனுப்புகிறான். அவனுக்கு வழிகாட்ட ஒரு தோல் வியாபாரியின் இளம் விதவை. முப்பத்திரண்டு அத்தியாயம் வழி தெரியாமல் சுற்றுகிறார்கள். மூன்று பனிப்புயல், ஒரு பனிச்சரிவு, காதல், பிரிவு, ஒரு ஓநாய். 'உறைநதியின் நாயகி' என்று தலைப்பு. மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். புனைபெயரில் போட்டேன். அச்சடித்த முந்நூறு பிரதியில் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என் கட்டிலுக்கு அடியில் தூங்குகின்றன.

மிச்சம் ஒன்று இருந்தது என் மச்சினியின் வாடகை நூலகத்தில். மச்சினி என்றால் என் மனைவியின் தங்கை. யாரோ அனுப்பியதுபோல் அவளுக்குத் தபாலில் அனுப்பி வைத்தேன். எழுதியது நான்தான் என்று என் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த நூலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டைக்கு உள்பக்கமும் கோடு போட்ட தாள் ஒன்று ஒட்டியிருக்கும். படித்துத் திருப்பித் தருகிறவர்கள் அதில் கருத்து எழுத வேண்டும். பெயர் போடக்கூடாது, தொழிலைப் போடலாம். முடிவில் 'இருக்கட்டும்' அல்லது 'போகட்டும்' என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். வருடத்தின் கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு மச்சினி உட்கார்ந்து எண்ணுவாள். போகட்டும் அதிகமாக இருந்தால் புத்தகம் பழைய பேப்பர் மூட்டைக்குள் போய்விடும். அலமாரியில் இடம் குறைவு, அவளுக்கு இரக்கம் அதைவிடக் குறைவு.

உலகத்தில் என் நாவல் நிற்கும் ஒரே அலமாரி அது. அங்கிருந்தும் போய்விட்டால் நான் எழுத்தாளன் என்பதற்குக் கட்டிலைத் தவிர வேறு சாட்சி கிடையாது. அதனால்தான் வாரம் ஒருமுறை, நூலகத்திலிருக்கும் குட்டி ஃபிரிட்ஜைப் பார்க்கிற சாக்கில் போய், அந்தத் தாளைப் புரட்டிவிட்டு வருவேன். நல்லா ஓடுகிற ஃபிரிட்ஜை வாரா வாரம் பார்க்கிற மெக்கானிக் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பல் டாக்டரை விடுங்கள். ஒரு தையல்காரர் எழுதியிருந்தார்: நாற்பதாம் பக்கத்தில் கதாநாயகியின் ரோமக் கோட்டுக்குப் பதினாலு பொத்தான், முந்நூற்றுப் பத்தாம் பக்கத்தில் கதாநாயகன் இருபத்திரண்டு பொத்தானைக் கழற்றுகிறான், நடுவில் எட்டுப் பொத்தானை யார் தைத்தது? போகட்டும். அந்தக் கட்டத்தில் உட்கார்ந்து பொத்தானை எண்ணுகிறவனை என்ன செய்ய? பூகோள வாத்தியார் ஒருவர், சூரியன் மூன்று தடவை வடக்கே உதித்திருப்பதாகப் பக்க எண்ணோடு குறித்திருந்தார். போகட்டும்.

ஆதரவாளர்கள் இல்லாமல் இல்லை. ஒரு லிஃப்ட் இயக்குபவர், பல வருடமாகத் தூக்கம் வராத தன்னை இந்தப் புத்தகம் இரண்டாம் அத்தியாயத்தைத் தாண்டவே விட்டதில்லை என்று நன்றி சொல்லியிருந்தார். இருக்கட்டும். பாட்டு டீச்சர் ஒருவருக்கு, ஆடிக்கொண்டிருந்த மேசைக்கால் நின்றுவிட்டதாம். இருக்கட்டும். உருப்படியாக ஒருவர்தான், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர்: "கடைசியில் ஓநாய் திரும்பி வருமிடத்தில் அழுதுவிட்டேன். இருக்கட்டும்." அந்த மகராசன் வீட்டு ஃபிரிட்ஜ் எப்போது கெட்டாலும் ஓடிப்போய்ப் பார்க்க நான் தயார். யாரென்றுதான் தெரியவில்லை.

ஆக, மூன்றுக்கு மூன்று. சமமாக இருந்தால் புத்தகம் தப்பிக்கும். அப்போதுதான் வருடம் முடியப் பத்து நாள் இருக்கையில் ஏழாவது கருத்து வந்தது. பென்சிலில், பொடிப்பொடி எழுத்தில்.

"நாலு தடவை படித்தேன். கதாநாயகன் அவளுக்காக மலை ஏறுகிறான், ஓநாய்க்கு ரொட்டியைப் பிய்த்துப் போடுகிறான், பனியைப் பற்றி எண்பது பக்கம் பேசுகிறான். முப்பத்திரண்டு அத்தியாயத்தில் ஒரு தடவைகூட அவளைச் 'சாப்பிட்டாயா' என்று கேட்கவில்லை. போகட்டும். - ஒரு வாசகி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. புயல் அடிக்கிறது, சாம்ராஜ்யம் சரிகிறது, காதலர்கள் மரணத்தின் விளிம்பில் நிற்கிறார்கள், இந்த அம்மாளுக்குச் சாப்பாட்டுக் கவலை. நாலு தடவை படித்தாளாம். பிடிக்காததை எவள் நாலு தடவை படிப்பாள்? அன்று வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் அந்த வாசகியைக் கிழிகிழியென்று கிழித்தேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "ம்" என்றாள்.

அதன்பிறகு நான் செய்ததை நியாயப்படுத்தப் போவதில்லை. மறுவாரம் மச்சினி தபால்காரரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அலமாரிக்குப் பின்னால் நின்று, நானே நாலு கருத்து எழுதினேன். கப்பல் கேப்டனாக இடது கையால் ஒன்று. இருதய நிபுணராகக் கிறுக்கலாக ஒன்று. கல்லூரி மாணவியாகச் சுழித்துச் சுழித்து ஒன்று. நீதிபதியாக நிமிர்த்தி ஒன்று. நாலு பேனா, நாலு கையெழுத்து, நாலும் இருக்கட்டும். வெளியே வந்தபோது, கேப்டன் எழுதியது நிஜமாகவே நன்றாக இருந்ததாக எனக்குப் பட்டது.

வருடக் கடைசி நாள் வந்தது. பகல் பன்னிரண்டரைக்கு மச்சினி ஃபோன் செய்து, ஃபிரிட்ஜ் குளிரவில்லை, உடனே வாங்க என்றாள். போனேன். ஃபிரிட்ஜ் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. மேசைமேல் என் நாவல் திறந்து கிடந்தது. பக்கத்தில், போன மாதம் நான் அவளுக்கு எழுதிக் கொடுத்த சர்வீஸ் சீட்டு.

"அத்தான், இந்தக் கப்பல் கேப்டன் எழுதினதைக் கொஞ்சம் சத்தமா படிங்க" என்றாள்.

படித்தேன். "கடலையே கண்ட என்னையும் இந்தப் பனி கலங்கடித்துவிட்டது. இருக்கட்டும். நன்றாகக் குளிர்கிறது. கசிவு எதுவும் இல்லை. உள்ளே 10.15, வெளியே 10.25."

மற்ற மூன்றையும் பார்த்தேன். இருதய நிபுணர் உள்ளே 10.25, வெளியே 10.32. மாணவிக்கும் கசிவு எதுவும் இல்லை. நீதிபதி, ஓட்டிப் பார்த்துச் சரியாக இருப்பதாகவும் வேலை முடிந்ததாகவும் தீர்ப்பு எழுதியிருந்தார். இருபத்திரண்டு வருடமாக எந்தத் தாளில் எதை எழுதினாலும், உள்ளே நுழைந்த நேரமும் வெளியே கிளம்பிய நேரமும் போட்டு, சர்வீஸ் சீட்டு மாதிரியே முடித்துப் பழகிய கை. கையெழுத்தை மாற்ற யோசித்தேனே தவிர, கையை யோசிக்கவில்லை.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. சிவப்பு மையால் நாலையும் அடித்தாள். இப்போது இருக்கட்டும் மூன்று, போகட்டும் நாலு. மூட்டை கதவோரம் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. நான் வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். எழுதியது நான்தான் என்றும், வேறு எந்த அலமாரியிலும் அந்தப் புத்தகம் இல்லை என்றும் சொன்னேன். முதல் நாளே தெரியும் என்றாள், தபால் உறையில் கம்ப்ரசர் எண்ணெய் வாசனை அடித்ததாம்.

"அக்கா புருஷன்னு பாத்தா அப்புறம் எல்லாருக்கும் பாக்கணும், அத்தான். ஆனா ஒண்ணு. எழுதினவங்களே வந்து மாத்தினா நான் ஒத்துப்பேன். அந்தப் பென்சில்காரங்களைப் போய்க் கேளுங்க. அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு."

"அவங்க யாருன்னே தெரியாதே."

மச்சினி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தறீங்க, அக்கா கையெழுத்து தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வாங்க வேண்டிய சாமானைக்கூட ஃபோனில்தான் அனுப்புவாள். கடைசியாக அவள் எழுதி நான் பார்த்தது கல்யாணப் பதிவேட்டில் போட்ட கையெழுத்து. அன்றைக்கும் நான் கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு நடந்தேன். என் மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறாள். மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுவாள். ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் அந்த நேரத்துக்கு வந்துகொண்டிருந்தேன். நாவல் தொடங்கியதும் நின்றுபோனது. நாவல் முடிந்த பிறகும், இரண்டாம் பாகம் எழுதுகிறேன் என்று குளிர் அறையிலேயேதான் கிடந்தேன். வழியெல்லாம் அவளிடம் எப்படி வாதாடுவது என்று யோசித்துக்கொண்டு போனேன். பனிப்புயலில் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்று சரித்திர ஆதாரத்தோடு சொல்வதாக இருந்தேன்.

ஒன்று இருபதுக்குக் கதவைத் திறந்தால், அவள் சமையலறை மேடைமேல் சாய்ந்து நின்றபடி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மேசை காலியாக இருந்தது. இரண்டு நாற்காலியும் உள்ளே தள்ளியிருந்தன, ஒன்றின்மேல் இஸ்திரித் துணி. என் சரித்திர ஆதாரம் முழுவதும் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"சாப்பிட்டியா?" என்றேன்.

அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "கையில தட்டு இருக்கறது தெரியலையா?"

கேட்க வேறு நேரமா கிடைக்கவில்லை எனக்கு. ஆனால் அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. இஸ்திரித் துணியை எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்தேன். அவளும் எனக்கொரு தட்டை வைத்து, எதிரில் உட்கார்ந்தாள். பென்சிலில் எழுதியது அவள்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். என்னிடமே நேரில் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க பனியில எட்டு வகை இருக்குன்னு ஆரம்பிச்சீங்க. ஆறாவது வகை வரும்போது பால் பொங்கிடுச்சு, எழுந்து போயிட்டேன்." தட்டில் விரலை ஓட்டிக்கொண்டே தொடர்ந்தாள். "உங்க கதையில அந்தப் பொண்ணு அவன் கூடவே நடக்கறா. அவன் குளிரைத்தான் பாத்துக்கிட்டே இருக்கான். எனக்கு அவளை நினைச்சா பாவமா இருந்துது. அதான் திரும்பத் திரும்பப் படிச்சேன், எங்கயாவது கேட்டிருப்பானோன்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. சாப்பாடு சூடாக இருந்தது. மதியத்தில் சூடாகச் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று கணக்குப் போட்டேன், நாவலின் வயதும் அதன் வயதும் ஒன்றாக வந்தது. தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கேட்க வந்தேன் என்பதையே, சொன்னால் நம்பமாட்டீர்கள், மறந்தே போய்விட்டேன்.

அவள்தான் கைகழுவிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். "தங்கச்சி அஞ்சு மணிக்கு எண்ணிடுவா. கிளம்புங்க."

நடந்தே போனோம். மச்சினி மேசைமேல் ரப்பரைத் தயாராக எடுத்து வைத்திருந்தாள். அக்காவும் தங்கையும் ஏற்கெனவே பேசிவைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லாரும் பேனாவில் எழுதும்போது நீ மட்டும் ஏன் பென்சிலில் எழுதினாய் என்று மனைவியைக் கேட்டேன்.

"அழிக்கலாம்னுதான்" என்று சொல்லிவிட்டு அழித்தாள்.

பிறகு குனிந்து என்னவோ எழுதினாள், எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டாள். மச்சினி வாங்கிப் படித்து, இருக்கட்டும் நாலு, போகட்டும் மூன்று என்று உரக்க எண்ணி, புத்தகத்தை அலமாரியில் அதன் பழைய இடத்திலேயே செருகினாள். மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது நான் அதை உருவிப் பார்த்தேன். துணி துவைக்குமுன் என் சட்டைப்பையில் துழாவித் துழாவி அவள் எடுத்து வைத்த சர்வீஸ் சீட்டுகளை எத்தனை வருடமாகப் படித்திருப்பாளோ, அச்சு அசலாக இருந்தது.

"இருக்கட்டும். ஓட்டிப் பார்த்தேன். குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. உள்ளே 1.20. வெளியே"

அதற்குப் பக்கத்தில் நேரம் எதுவும் போடவில்லை.