வட்டுவாகல் காற்றில் ஒரு கை

நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுக் கடற்கரையில் அன்று நின்ற ஆட்கள் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். "வட்டக்கச்சிப் பெட்டையள் இரண்டும் பேசி வைச்சுத்தான் செய்ததுகள்" என்பது அதில் ஒன்று. அப்படி இல்லை.

எங்கள் பக்கத்து விளையாட்டுக் கழகங்கள் சேர்ந்து ஒவ்வொரு ஆனி மாதமும் பெண்களுக்கு ஒரு சைக்கிளோட்டம் வைக்கும். பந்தயச் சைக்கிள் அல்ல, வீட்டில் ஓடுகிற சாதாரணச் சைக்கிள். கரியரையும் மட்காட்டையும் கழற்றலாம், அதற்கு மேல் ஒன்றும் செய்யக்கூடாது. வட்டக்கச்சியில் தொடங்கி, கனகராயன் ஆற்றை ஒட்டிக் கொஞ்சத் தூரம் போய், வயல்களுக்குள்ளால் தருமபுரத்தில் பெரிய றோட்டில் ஏற வேண்டும். பிறகு நெத்தலியாறு, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம். பாலத்தைத் தாண்டிக் கொஞ்சம் ஓடினால் கடல்.

முதல் இரண்டு பேரை மாகாணப் பயிற்சி முகாமுக்கு எடுப்பார்கள். முகாமில் உண்மையான பந்தயச் சைக்கிள் தருவார்கள், பழக்கிவிட ஆள் இருக்கும். ஆனால் இருபத்தைந்து வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும். ரஜிதாவுக்கு ஆவணியில் இருபத்தைந்து முடிகிறது. ஆகவே இதுதான் அவளுக்குக் கடைசி ஓட்டம். போன வருசம் மூன்றாவதாக வந்தாள். அதற்கு முந்தின வருசம் விசுவமடுவில் செயின் அறுந்தது.

ரஜிதா, வட்டக்கச்சிக்குப் பக்கத்து மாயவனூர் மாயாண்டி மாமாவின் மகள். அவர்களுடைய குடும்பம் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியிருந்தது. நாங்கள் குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்துப் பருத்தித்துறையிலிருந்து வந்த ஆட்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பேரும் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். இப்போது அவள் கோழிப்பண்ணையில் முட்டை தரம் பிரிக்கிறாள், நான் கூட்டுறவுச் சங்கத்தில் இலிகிதர். முகாம், பந்தயச் சைக்கிள் இதிலெல்லாம் எனக்குப் பெரிய ஆசை இல்லை. தனியே ஓடிப் பழகினால் அவளுக்கு அலுப்படிக்கும் என்று விடியற்காலையில் கூட ஓடப் போய், அப்படியே நானும் ஓட்டக்காரி ஆகிவிட்டேன்.

இனிக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூட வழி முழுவதும் வெட்டவெளி வயல். சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் சைக்கிள் முன்னுக்குப் போகாது. இரண்டு பேர் அருகருகே போகும்போது ஒருத்தி களைத்தால், மற்றவள் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவளுடைய முதுகில் வைப்பாள். வைத்து மெல்லத் தள்ளுவாள். களைத்தவள் கேட்பதும் இல்லை, தள்ளுகிறவள் சொல்வதும் இல்லை. கதை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்கிறதுதான். செயின் அறுந்தவனை மோட்டார் சைக்கிள்காரன் ஒற்றைக் காலால் தள்ளிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போவான், பெயர்கூடக் கேட்கமாட்டான். அது உதவி என்று யாருக்கும் தோன்றாது. மூச்சு விடுகிற மாதிரி.

ஓட்டத்தன்று புதுக்குடியிருப்பு வரை ஒரு குறையும் இல்லை. விசுவமடுவில் சனம் வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றியது. தேவிபுரத்தில் ஒரு அம்மா உரித்த தோடம்பழத்தை ஓடுகிறவர்களின் வாய்க்குள்ளேயே வைத்தார். புதுக்குடியிருப்பு கழிந்ததும் முதலாவதாகப் போனவள் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டாள். இரண்டாவது ரஜிதா. அவளோடு ஒட்டியபடி நான். எங்களுக்குப் பின்னால் கொஞ்சத் தூரத்தில் சிலாவத்தை ஜெயரூபி. அவள் கடற்கரைப் பிள்ளை, அந்தக் காற்றிலேயே வளர்ந்தவள்.

முள்ளிவாய்க்கால் கடக்கும்போது யாரும் கதைப்பதில்லை. அப்படி ஒரு சட்டம் இல்லை, ஆனால் கதைப்பதில்லை. அது கழிந்ததும் வலப்பக்கம் நந்திக்கடல் திறந்தது. சோளகம் முகத்தில் அறைந்தது.

"எடி சுதா, மணலை வாரித் தின்னக் குடுக்குதடி காத்து" என்றாள் ரஜிதா.

"வாயை மூடிக்கொண்டு மிதி."

"கால் இரண்டும் செத்துப்போச்சு."

"செத்த கால் கதைக்காது. மிதி."

பாலத்துக்கு முந்திய வளைவு வந்தது. தண்ணீருக்கு அப்பால் வற்றாப்பளைப் பக்கத்து மரங்கள் ஒரு கோடு போலத் தெரிந்தன. அங்கத்தை அம்மன் கோயில் பொங்கலுக்குத் தான் எந்தப் பாவாடை உடுத்தினது என்று ரஜிதா ஏதோ சொல்லத் தொடங்கினாள், நான் கேட்டுக்கொண்டே மிதித்தேன். அப்போது பின்னால் விசில் ஊதிக் கேட்டது. ஒரு தரம் அல்ல, நீளமாக.

பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தவர் நடுவர் இளையதம்பி சேர். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். மழை பெய்தாலும் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டார். எங்களுக்குப் பக்கத்தில் வந்து, "பிள்ளை, கையை எடும்!" என்று கத்தினார்.

எந்தக் கை என்று பார்த்தேன். என்னுடைய இடக்கை ரஜிதாவின் முதுகில் இருந்தது.

எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியாது. ரஜிதாவுக்கும் தெரியாது.

நாங்கள் ஓட்டத்தை முடித்தோம். அவள் இரண்டாவது, நான் மூன்றாவது. கடற்கரையில் கூடாரத்துக்குக் கீழே முடிவு வாசித்தபோது எங்கள் இரண்டு பேரின் இலக்கமும் வாசிக்கப்படவில்லை. தள்ளினவளும் தள்ளுப்பட்டவளும் நீக்கம். ஜெயரூபி இரண்டாமிடம்.

ரஜிதா அழவில்லை. சைக்கிளைப் படுக்கப்போட்டுவிட்டு அதன் சில்லைக் கையால் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் கண்ணால் நீர் ஓடியது. முட்டை ஏற்றுகிற வண்டியில் வந்திருந்த மாயாண்டி மாமா எனக்கு முன்னால் குந்தினார்.

"எம்மா சுதா, நீ ஏன் அழுவுற? தோத்தது அவதானே."

"நான்தான் மாமா கெடுத்தனான்."

"கையி தானா போயிருச்சு. கையிக்கு என்னா தெரியும்? நீ எழுத்து வேலை பாக்குற புள்ள. அழுவுறதுக்கு ஒரு பேப்பர எடுத்து எழுதேன்."

சரியாகத்தான் சொன்னார். பரிசளிப்புக்கு முன்னம் எழுத்தில் கொடுத்தால் முறைப்பாட்டை விசாரிக்க வேண்டும் என்று அறிவித்தலிலேயே இருந்தது. வண்டிச் சாரதியிடம் ஒரு தாள் வாங்கி, முட்டை மட்டை ஒன்றை மடியில் வைத்து எழுதினேன். கை வைத்தது நான், வைக்கச் சொன்னது யாருமில்லை. அவள் கேட்டதும் இல்லை, தட்டிவிட்டதும் இல்லை, ஏனென்றால் அது அவளுக்கு உறைக்கவில்லை. என்னை நீக்கியது நியாயம், அதைப் பற்றி எனக்கு முறைப்பாடு இல்லை. ஆனால் அந்தத் தள்ளு இல்லாமல் அவள் இரண்டாவதாக வந்திருப்பாளா என்பது இப்போது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. காற்று இன்னும் அடிக்கிறது, வளைவும் அங்கேயே இருக்கிறது. வளைவிலிருந்து கடற்கரை வரை ரஜிதாவும் ஜெயரூபியும் திரும்ப ஓடட்டும். நான் ஓடமாட்டேன்.

இளையதம்பி சேர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தரம் வாசித்தார்.

"வடிவா எழுதியிருக்கிறீர்" என்றார். "ஆனா பிள்ளை, ஒரு வருசமா நீங்கள் இரண்டு பேரும் ஒண்டா ஓடிப் பழகினதெண்டு ஊருக்கே தெரியும். தோழிக்காக வேணுமெண்டு தள்ளேல்லை எண்டு நான் எப்பிடி நம்புறது?"

"நம்ப வேண்டாம் சேர். அதுக்குத்தானே திரும்ப ஓடச் சொல்லி எழுதியிருக்கிறன்."

"இரண்டாமிடம் இப்ப ஜெயரூபிக்கு. அந்தப் பிள்ளை ஏன் ஓட வேணும்?"

ஜெயரூபி பக்கத்தில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். குரும்பையை வைத்துவிட்டு வாயைப் புறங்கையால் துடைத்தாள்.

"நான் ஓடுறன் சேர். இல்லாட்டி முகாமிலையும் என்னை 'விசில் இரண்டாமிடம்' எண்டுதான் கூப்பிடுவாளவை." பிறகு ரஜிதாவைப் பார்த்து, "ஆனா அக்கா, இந்தக் காத்து எங்கட வீட்டுக் காத்து. அதை மட்டும் யோசிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள்.

ரஜிதா சுற்றிக்கொண்டிருந்த சில்லை நிறுத்தினாள். "உன்ர வீட்டுக் காத்து எனக்கு ஏற்கெனவே மணல் சாப்பாடு போட்டிட்டுது" என்றபடி எழும்பினாள்.

சேர் ஒரு நிபந்தனை வைத்தார். நான் றோட்டில் எங்கும் நிற்கக்கூடாது. அவருடைய மோட்டார் சைக்கிளில், அவருக்குப் பின்னால், அவருடைய கண்காணிப்பில் இருக்க வேண்டும். "உம்மட கையை நான் நம்பேல்லை" என்றார். கூடாரத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் ஏறி இருந்தேன்.

வளைவில் இரண்டு பேரும் ஒரு காலை ஊன்றி நின்றார்கள். விசில் ஊதியது.

ஜெயரூபி தொடக்கத்திலேயே முந்தினாள். தலையைக் குனிந்து, காற்றுக்கு அடியால் புகுந்து போகிற மாதிரி ஒரு போக்கு. ரஜிதா அவளுக்குப் பின்னால் நாலு சைக்கிள் நீளத்தில். பாலத்தில் ஏறும்போது அது ஆறு நீளம் ஆயிற்று. வட்டுவாகல் பாலம் ஒடுக்கம். தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே படுத்துக் கிடக்கும், இரண்டு பக்கமும் மறைப்பு இல்லை. எதிரே வந்த பஸ் ஒன்று அந்தக் கரையில் நிறுத்தி வழிவிட்டது. பஸ்ஸின் ஜன்னல்களால் தலைகள் நீண்டன.

ரஜிதாவின் சட்டை முதுகில் காற்று புகுந்து ஊதியது. அவளுடைய தோள் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. அவள் களைத்தால் அப்படித்தான் ஆடும், எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வழியில் அந்த ஆட்டத்தைக் கண்டதும்தான் நான் கையை வைப்பேன். இப்போது அவள் முதுகு எனக்கு எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

பாலத்தின் நடுவில் அவள் பெடலில் எழும்பி நின்றாள். நின்றபடி மிதித்தாள். ஆறு நீளம் ஐந்தாயிற்று. ஜெயரூபி திரும்பிப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தது பிழை. முன்சில்லு கொஞ்சம் விலகி, அவள் அதை நேராக்குவதற்குள் நீளம் மூன்றாகிவிட்டது. பாலம் முடிந்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் எந்தப் பிள்ளைக்கு என்று தெரியாமலே கை தட்டினார்கள்.

"மிதியடி" என்றேன். "மிதியடி, மிதியடி."

இளையதம்பி சேர் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கினார். மெதுவாக்கி, தலையைத் திருப்பாமலே சொன்னார்:

"பிள்ளை, எஞ்சின் ஓடுது. என்னைத் தள்ளத் தேவையில்லை."

பார்த்தேன். என்னுடைய இடக்கை அவருடைய முதுகில் இருந்தது. வெள்ளைச் சட்டை என் உள்ளங்கைக்குக் கீழே கசங்கி, வியர்வையும் செயின் கறுப்பும் ஐந்து விரலாகப் பதிந்திருந்தது.

கையை வெடுக்கென்று எடுத்தேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர்" என்றேன்.

"எவ்வளவு நேரமாத் தள்ளுறீர் எண்டு தெரியுமோ? வளைவில தொடங்கினது." அவருடைய முதுகு குலுங்கியது. சிரிக்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "சரி, சரி. இப்ப நம்புறன்."

கடற்கரை றோட்டில் திரும்பும்போது இரண்டு முன்சில்லும் ஒரே கோட்டில். வீடுகள் காற்றை மறைத்தன. அங்கேதான் ரஜிதா மாயவனூருக்கும் பண்ணைக்கும் இடையில் தினமும் ஓடுகிற ஓட்டத்தை ஓடினாள். வேலைக்குப் பிந்திப்போன ஆள் ஓடுகிற ஓட்டம். கோட்டைத் தாண்டும்போது ஒரு சைக்கிள் நீளம் முன்னுக்கு நின்றாள். நிறுத்த மறந்து மணலுக்குள் போய் விழுந்தாள்.

மாயாண்டி மாமா ஓடிப்போய்த் தூக்கினார். ஜெயரூபி சைக்கிளை விட்டு இறங்கி, மூச்சு வாங்கியபடி, "திரும்பிப் பாத்தது என்ர பிழை" என்றாள். பிறகு, "எனக்கு இன்னும் நாலு வருசம் கிடக்கு அக்கா. உங்களுக்குத்தான் வயசு போட்டுது" என்றாள். ரஜிதா வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு அவளுடைய தலையில் ஒரு குட்டு வைத்தாள். வலிக்காத குட்டு.

இளையதம்பி சேர் ஒலிவாங்கியில் ரஜிதாவின் பெயரை இரண்டாமிடத்துக்கு வாசித்தார். என்னுடைய நீக்கம் அப்படியே என்றும் வாசித்தார். வாசித்துவிட்டுத் திரும்பியபோது அவருடைய முதுகில் ஐந்து விரலும் கூட்டத்துக்குத் தெரிந்தது. ஏன் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

பின்னேரம் முட்டை வண்டியில் எங்கள் சைக்கிள்களை ஏற்றப் போனார் மாயாண்டி மாமா. ரஜிதா தடுத்தாள்.

"அப்பா, நீங்க போங்க. நாங்க ஓடி வாறம்."

"எடி விசரி" என்றேன். "கால் செத்ததெண்டு சொன்னனீ."

"செத்ததுதான். உன்ர கையால நான் இரண்டு தரம் ஓடினனான். இனி வட்டக்கச்சி மட்டுக்கும் நீ என்னைத் தள்ளிக்கொண்டு வாறாய். விசிலும் இல்லை, சேரும் இல்லை."

பாலத்துக்குப் போகிற வழியில் வெயில் சாய்ந்து, நந்திக்கடல் தகடு போலக் கிடந்தது. காற்று இப்போது இடப்பக்கத்தால் வந்தது. அவள் முகாமுக்கு எந்தச் சப்பாத்து கொண்டுபோவது என்று தொடங்கினாள். தன்னிடம் இருப்பது ஒரு சோடிதான், அதிலும் ஒன்றில் அடி கழன்றிருக்கிறது என்றாள். நான் என்னுடையதைத் தருகிறேன் என்றேன். உன்ர கால் வாத்துக் கால், எனக்குப் பொருந்தாது என்றாள்.

கதை அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. அவளுடைய தோள் இடமும் வலமும் ஆடியது. இந்தத் தரம் தெரிந்துகொண்டே கையை வைத்தேன்.