யெஷிமேபெட்டின் மறுபாதி முகம்

உயிர்ப்புத் திருநாளுக்கு மறுநாளிலிருந்து, தேன் மது விற்கும் யெஷிமேபெட்டின் முகத்தில் இடப்பக்கம் மட்டுமே ஊராருக்குத் தெரிந்தது. எதிரே போய் நின்றாலும் இடப்பக்கம், வலப்புறமாகச் சுற்றி வந்தாலும் இடப்பக்கம்தான். ஒரு கண், அரை மூக்கு, அரை வாய். அவளுக்கு வலி எதுவும் இல்லை. வழக்கம்போல இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் மதுவை ஊற்றிக் கொடுத்தாள். அந்த வாரம் மிளகாய் விலை ஏறியிருந்ததால் சந்தையில் முதலில் அதைப் பற்றித்தான் பேசினார்கள்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். தானா ஏரிக்கரைக் கோயில்களில் நல்லவர்களை இரண்டு கண்ணோடும், கெட்டவர்களைப் பக்கவாட்டில் ஒற்றைக் கண்ணோடும் வரைவார்கள். திருநாளுக்காக மரியாள் கோயில் சுவரில் இயேசு பட்ட பாடுகளின் காட்சியை வரைந்த ஓவியன் தெசெம்மா, அவர்மேல் துப்புகிற கும்பலில் யெஷிமேபெட்டை நிறுத்தியிருந்தான், கையில் மதுக்குடுவையோடு, பக்கவாட்டில். அவள் செய்த குற்றம் ஒன்றுதான். அவன் முன்பு குதிரைமேல் வரைந்த புனித கியோர்கிஸைப் பற்றிச் சந்தை நடுவே, "ஏம்ப்பா தெசெம்மா, ஒன் புனிதரு குதிரையத் திருடிட்டு ஓடுறவன் மாதிரில்ல உக்காந்திருக்காரு" என்று சொல்லிவிட்டாள். அது உண்மையாக இருந்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

ஒரு மாதம் ஊர் சிரித்தது, அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு அவள் மகளைப் பெண் கேட்டு வந்த படகுக்காரர் வீட்டார், தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் காபிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். அன்றிலிருந்து தெசெம்மா சிரிக்கவில்லை. சுவரில் அவளுக்கு இன்னொரு கண் வரைந்தான். சாயம் காய்வதற்குள் சுவர் அதை உறிஞ்சிக்கொண்டது. மூன்று முறை அப்படி ஆயிற்று. புனித நீர் தெளித்த சுவரைச் சுரண்டக் கூடாது, வேண்டுமானால் படத்தில் இன்னும் ஆள் சேர்த்து வரைந்துகொள் என்றார் குருவானவர்.

அவள் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா? கேளு. ஆனா என் மூஞ்சியப் பாத்துக் கேளு."

அவனுக்குத் தெரிந்தது ஒற்றைக் கண். அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கேட்காமலே திரும்பி வந்தான்.

மறுநாள் அதே கும்பலில், அவளுக்கு எதிரே, கன்னம் உப்பத் துப்புகிறவனாகத் தன்னையே பக்கவாட்டில் வரைந்தான். தூரிகையைக் கழுவி முடிப்பதற்குள் அவன் முகமும் பாதியானது. தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண் ஒருத்தி பார்த்துவிட்டு, ஒதுங்கி வழி விட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை சந்தையில் யெஷிமேபெட் அவன் பக்கம் திரும்பினாள். சுவரில் அவளுக்கு நேர் எதிரே நிற்பவன் என்பதால், உலகத்தில் அவன் ஒருவனுக்கு மட்டும் அவள் முழு முகமும் தெரிந்தது. இரண்டு கண்களும் அவனையே பார்த்தன. அவற்றில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பான், களைப்புதான் இருந்தது.

"இப்பக் கேளு" என்றாள்.

கேட்டான். அடுத்த ஆண்டு அவள் மகளை ஒரு நெசவாளர் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். விருந்தில் அரைமுகக்காரர்கள் இருவரையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். மற்றவர்கள் ஆட்டுக்கறி நன்றாக வெந்திருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, தெசெம்மா மட்டும், எதிரே அந்த இரண்டு கண்களும் இருந்ததால், தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.