மணிக்கட்டு உயரம்

தெருவில் அவளுக்கு நாற்காலிக்காரி என்றே பெயர். உடைந்த நாற்காலியைச் சரிசெய்வதும் புதிது செய்து விற்பதும் தொழில். கோபம் வந்தால் கத்தமாட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு மரத்தை இழைப்பாள். அன்று இழைக்க வழியில்லாமல் போனதுதான் வினை.

வருடக்கணக்காகச் சமையல் மேடைதான் அவள் பட்டறை. மரத்தூளைத் துடைத்துவிட்டுக் காய் நறுக்குவாள், காயை ஒதுக்கிவிட்டு ரம்பத்தை எடுப்பாள். அவள் குள்ளம், மேடையோ உயரம். தோளைத் தூக்கித் தூக்கி இழைத்ததில் வலது தோள் பழுதாகி, தலைகூட வார முடியவில்லை. "இப்படியே போனா கை விளங்காமப் போயிடும்மா. மேடைய இறக்குங்க, இல்ல தொழில விடுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொழிலை விடுவதா? அவளிடம் அந்தப் பேச்சே எடுக்கக்கூடாது.

உடனே அவள் வீட்டுக்காரர் வரிந்துகட்டிக்கொண்டு கிளம்பினார். "கொல்லையில உனக்கு ஒரு பட்டறை கட்டறேன். பெருசா! பாக்கறவன் வாயப் பொளக்கணும்." கூட்டுக்குத் தன் தம்பியைச் சேர்த்துக்கொண்டார். அவளும் பூரித்துப்போய், ஒரு நீளமான ரீப்பர்க் கட்டையைச் சுவரோரம் நிறுத்தி, பக்கத்தில் நிமிர்ந்து நின்று, தன் உடம்பின் அளவுகளைக் கத்தியால் கீறிக் கொடுத்தாள். எண்ணில் சொன்னால் மறந்துபோகும், கட்டையில் கீறினால் மறக்காது. கீழ்க் கீறல் மணிக்கட்டு, மேசைக்கு. நடுக் கீறல் தோள், சுவிட்சுக்கு. மேல் கீறல் கை எட்டும் உயரம், அலமாரிக்கு.

"இத வச்சே எல்லாத்தையும் பண்ணுங்க."

"பண்ணிட்டாப் போச்சு."

அதன்பிறகு அவளை உள்ளே விடவில்லை. எட்டிப் பார்த்தால், "முடிஞ்சதும் பாரு" என்று கதவைச் சாத்தினார். சுவர் எழும்பியதைவிட, போவோர் வருவோரிடமெல்லாம் "அவளுக்காகத்தான்" என்று அவர் அடித்த தம்பட்டம்தான் உயரமாக எழும்பியது.

திறந்து காட்டிய அன்று அக்கம்பக்கமே கூடிவிட்டது. பெரிய பட்டறைதான், குறை சொல்ல முடியாது. நாலு பக்கமும் ஜன்னல், வெளிச்சம் கொட்டியது. அவளுக்குக் கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு மேசையருகே போய் நின்றாள். மேசை அவள் நெஞ்சுக்கு வந்தது.

சுவிட்சைப் போட நுனிக்காலில் எம்பினாள். ரம்பங்கள் எம்பினாலும் எட்டாத உயரத்தில் வரிசையாகத் தொங்கின. ஜன்னலோரம் பாட்டுப் பெட்டி, சீட்டாட ஒரு வட்ட மேசை, அதன் பக்கத்தில் ஒரு சுழல் நாற்காலி. கடையில் வாங்கிய நாற்காலி! நாற்காலிக்காரியின் பட்டறையில்!

"என்னங்க, எனக்கு எதுவுமே எட்டலையே?"

வீட்டுக்காரர் மேசையைத் தட்டிக் காட்டினார். "நான் நின்னு பாத்துதான் வச்சேன். கச்சிதமா இருக்கு."

"ஒரு ஸ்டூல் போட்டு ஏறிக்குங்க அண்ணி!" என்றான் கொழுந்தன். வந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் குடுத்த கட்டை எங்க?"

அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளே தேடி எடுத்தாள். மூலையில், பெயின்ட் வாளிக்குள் நின்றுகொண்டிருந்தது. பெயின்ட் கலக்கியிருக்கிறார்கள். அடிப்பக்கம் பச்சையாகக் காய்ந்திருந்தது. மேலே மூன்று கீறலும் அவள் கீறியபடியே, ஒருவர் விரலும் படாமல் இருந்தன. தன்னையே வாளியில் விட்டுக் கலக்கியது போல அவளுக்கு வலித்தது.

"தம்பி, சிரிச்சது போதும். அந்தப் பக்கம் பிடிங்க, மேசையக் கவுக்கணும்."

அந்தக் குரலுக்குக் கொழுந்தன் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தான். கவிழ்த்தார்கள். அவள் கட்டையை வைத்து நாலு காலிலும் கோடிழுத்தாள்.

"ஏய், என்ன பண்ற? நாலு பேர் முன்னாடி மானத்த வாங்காத! உனக்காக ராப்பகலா ஒழச்சிருக்கேன்!"

"எனக்காகன்னா என் கீறலப் பாத்திருப்பீங்க. அந்த ரம்பத்த எடுத்துக் குடுங்க. எனக்குத்தான் எட்டாதே."

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அவள் அறுக்கத் தொடங்கினாள். தோள் உயிர்போக வலித்தது, நிறுத்தவில்லை. நாலு துண்டும் தரையில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள். மேசையைத் திரும்ப நிறுத்தி, பக்கத்தில் நின்று கையைத் தொங்கவிட்டாள். பலகை சரியாக மணிக்கட்டுக்கு வந்தது.

வீட்டுக்காரர் வந்து மேசைமேல் கையை வைத்துப் பார்த்தார். குனிய வேண்டியிருந்தது.

"இவ்ளோ தாழ்வா இருந்தா நான் எப்படி வேலை செய்யறது? என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"என் தோள் என்னத்துக்கு ஆச்சோ, அதுக்குத்தான் ஆகும்" என்றாள்.

சுழல் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு, கட்டையை எடுத்துக்கொண்டு சுவிட்சுப் பக்கம் போனாள்.