தனிக்குடித்தனத்து மழை

2007ஆம் ஆண்டு ஐப்பசி முதல், ஆர்.எஸ்.மங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரில், சோணைமுத்து ஒரு கட்டளையைத் தட்டினால் கடைக்குள் மட்டும் மழை பெய்தது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே பெய்யும். வேறொரு கட்டளை தட்டினால் நின்றுவிடும், நனைந்ததெல்லாம் அப்போதே காய்ந்துவிடும். பக்கத்து டீக்கடை மூக்கையா முதல் வாரம் எட்டிப் பார்த்து, "ஏலே சோணை, கம்மாய்க்கு வராத மழை ஒங் கடைக்குள்ளயா பெய்யுது?" என்று கேட்டார். பிறகு குடை பிடித்து டீ கொண்டுவரப் பழகிக்கொண்டார்.

காரணம் ஊருக்கே தெரியும். சோணைமுத்துவின் மனைவி இராமலட்சுமி புரோகிராம் எழுதுபவள். ஒரு வேலைக்குப் பழைய பேக்கேஜ், அதாவது பிறர் எழுதி வைத்த புரோகிராம் மூட்டை, வேண்டும், இன்னொன்றுக்குப் புதியது வேண்டும். ஒன்றாக இன்ஸ்டால் செய்தால் மாமியாரும் மருமகளுமாக முட்டிக்கொள்ளும். ஆகவே ஒரே கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு வேலைக்கும் தனியிடம் பிரித்து வைப்பாள். உள்ளே போட்டது உள்ளேயே இருக்கும், வெளியே கசியாது. அதற்குத் தனிக்குடித்தனம் என்று பெயரும் வைத்திருந்தாள். அவளுக்கு வாய்த்தது என்னவோ மாமியார், கொழுந்தன்மார், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. பெங்களூரில் வேலை கிடைத்ததும் புருஷனையும் கூப்பிட்டாள். "அய்யாவையும் வயலையும் விட்டுட்டு நான் வரமாட்டேன். போறதுன்னா ஒரேயடியாப் போயிரு" என்றான் அவன். அப்போது அவள் கடைக் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு தனிக்குடித்தனம் பிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே நல்ல மழை. பையை எடுத்துக்கொண்டு, "போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். அந்த நேரம் அப்படியே உள்ளே சிக்கிக்கொண்டது. மழையும் சேற்று வாசமும் பையோடு நிற்கும் அவளும் அதிலேயே இருந்தார்கள்.

தினமும் சாயங்காலம் சோணைமுத்து கட்டளை தட்டி அந்தத் தனிக்குடித்தனத்தைத் திறப்பான். வாசலில் நின்று அவள் "போறேன்" என்பாள். துக்க வீட்டில்கூடச் சொல்லாமல்தான் கிளம்புவார்கள், போறேன் என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஒரு சொல்லை மாற்றிவிட்டால் வந்துவிடுவாள் என்று நம்பினான். பெங்களூருக்கு போன் போட்டால் அவன் குரலைக் கேட்டதுமே வைத்துவிடுகிறாள். ஏக்கத்தில் பாதி ஆளாகிப்போனான்.

2009 சித்திரையில், இணையத்தின் கிடங்குகளை எல்லாம் துழாவி 'வாரேன்' என்ற பேக்கேஜைக் கண்டுபிடித்தான். எந்த பேக்கேஜும் துணையில்லாமல் வராது. 'வாரேன்' தனக்குத் துணையாகச் சிரிப்பு வேண்டும் என்றது. சிரிப்பு, கோபம் ஆறட்டும் என்றது. கோபம் ஆறுவதற்கு 'போயிட்டு வா' வேண்டும் என்றது. அது எந்தக் கிடங்கிலும் இல்லை. நீங்களே செய்துகொள்ளவும் என்று திரையில் வந்தது.

சோணைமுத்து எழுந்து மழையில் நனைந்தபடியே வாசலுக்குப் போனான். "அன்னைக்கு நாஞ் சொன்னது தப்பு லெட்சுமி. போயிட்டு வா" என்றான். அதைச் சொல்வதற்குள் அழுதுவிட்டான்.

இன்ஸ்டால் முடிந்தது. அவள் சிரித்தாள். "போயிட்டு வாரேங்க" என்றாள்.

மழையை நிறுத்தினான். வாசலில் யாரும் இல்லை. உள்ளே போட்டது வெளியே வராது, வெளியிலும் வேண்டுமென்றால் அங்கேயும் தனியாகப் போட வேண்டும். அவள் சொல்லிக்கொடுத்ததுதான். கடைச் சாவியை மூக்கையாவிடம் கொடுத்து, "பெங்களூர் வரைக்கும் போயிட்டு வாரேண்ணே" என்றான். எப்போதும் உடனே காயும் சட்டை அன்று காயவில்லை. மதுரை பஸ் கண்டக்டர், சொட்டச் சொட்ட ஏறியவனையும் வெளியே கொளுத்தும் வெயிலையும் பார்த்துவிட்டு, ஜன்னலோரமாக உட்காரச் சொல்லி டிக்கெட் கிழித்தார்.